நானூறாவது செவ்வாய்க்கிழமை

நவம்பர் பதினான்கு, செவ்வாய் இரவு.
ஒவுலு மாணவர் விடுதியின் கம்பிவழி
வந்தது போனதெல்லாம் இந்தக் கோப்பில் இருக்கிறது.
நாற்பது நிமிடம்.
யார், யாருக்கு என்பதை அழித்துவிட்டுத்தான்
வெய்க்கோ தந்தார். பேசியதும் இதில் இல்லை.
மிச்சம்: எப்போது, எத்தனை பைட்டு.
கடிதங்களை எரித்துவிட்டு
உறைகளின் எடையை மட்டும்
குறித்துவைத்தது போல.

எனக்கு அது போதும்.
இன்னும் கட்டப்படாத வலையமைப்பொன்றைக்
கணினிக்குள் கட்டி, அதில்
இந்த இரவை ஊற்றுகிறேன்.
வரிசையின் நீளத்தை மாற்றி மறுபடி ஊற்றுகிறேன்.
ஒவ்வொரு முறையும் பதினொன்று இருபதுக்கு
யாரோ ஒரு படத்தை இறக்கத் தொடங்குகிறார்,
ஒவ்வொரு முறையும் பாதியில் விடுகிறார்.
தூக்கம் வந்திருக்கும். அல்லது
படம் அவ்வளவுதான்.

சூத்திரம் போட்டும் பாக்கெட்டுகளைப் பிறப்பிக்கலாம்.
சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அவை
கரண்டியால் வழித்த மாவுபோலச் சமமாகிவிடும்.
ஆட்கள் விட்டுப்போனது
எத்தனை தள்ளி நின்றாலும்
மேடும் பள்ளமும்தான்.
அதனால்தான் இந்தக் கோப்பின்மேல் அத்தனை நம்பிக்கை.

இன்று இணைப்பைப் பாதியாகச் சுருக்கினேன்.

பதினொன்று முப்பத்தொன்றில் ஒரு குரல் அழைப்பு,
இருபது மில்லிநொடிக்கு ஒன்றாய்ச் சிறு பாக்கெட்டுகள்,
இங்கிருந்து, அங்கிருந்து, இங்கிருந்து.
என் ஒடுங்கிய குழாயில்
மூன்றில் ஒன்று விழுந்து தொலைந்தது.
பேச்சு நிற்கவில்லை.
மூச்சுவிட்ட இடத்தில் மூச்சுவிட்டு,
குறுக்கிட்ட இடத்தில் குறுக்கிட்டு
கந்தலாய்ப் பன்னிரண்டு நிமிடம்.

அன்றே இப்படி அறுந்திருந்தால்
"கேட்குதா?" என்றிருப்பார்கள்.
ஜன்னலோரம் போயிருப்பார்கள்.
வைத்துவிட்டு மறுபடி அழைத்திருப்பார்கள்.
படம் இறக்கியவரின் கணினிகூட
நெரிசல் கண்டு வேகத்தைத் தணித்திருக்கும்.
பதிவுக்குக் காதில்லை.

காலையில் லின்னன்மா பேருந்து நிறுத்தத்தருகே
நடைபாதையைத் தோண்டிப் போட்டார்கள்.
மதியத்துக்குள் பனியில்
வளைந்து போனது ஒரு புதுத் தடம்.
நானோ
நேற்றைய காலடிகளைப் பள்ளத்தின்மேல் பரப்பி
எத்தனை பேர் விழுந்தார்கள் என்று
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வெய்க்கோவிடம் சொன்னேன்.
கோப்பையைக் கழுவியபடியே
"தெரியும்" என்றார்.
"வரம்புகள் என்ற தலைப்பில் ஒரு வரி எழுதிவிடு."
எழுதினேன். ஒரு வரிதான் வந்தது.

அழைப்பின் கடைசி ஒன்றரை நிமிடத்தில்
பாக்கெட்டுகள் மிகச் சிறியவை,
அங்கொன்றும் இங்கொன்றும்:
யாரும் பேசவில்லை, யாரும் வைக்கவுமில்லை
என்று அதற்குப் பொருள்.
இவற்றில் எது தொலைந்தாலும்
அவர்களுக்குத் தெரிந்திருக்காது.
அந்த ஒன்றரை நிமிடம் மட்டும்
என் கணக்கு சரி.

இணைப்பைக் கால்பங்காக்கி
மறுபடி ஓட்டுகிறேன்.
பதினொன்று இருபது.
படம் இறங்கத் தொடங்குகிறது.