விளக்கத் தாளில் ஒரு திருத்தம்

தாள் சென்னையில் அச்சாகி வந்தது.
‘சிந்திக்கும்போது செல்கள் வீங்கும்’ என்றிருந்தது.
வவுனியாவில் அதை அப்படியே கொடுக்க முடியாது.
‘செல்’லை வெட்டி
எல்லாத் தாளிலும் கையால் எழுதினேன்: கலம்.

அடுத்த கேள்விக்கு மாற்றுச் சொல் கிடைக்கவில்லை.
உடம்பில் இரும்பு உண்டா?
காந்தம் இழுக்கும், அதனால் கேட்கிறோம்.
புதுக்குடியிருப்பு ஆசிரியை தோளைத் தொட்டுக் காட்டினா.
மாங்குளத்து பஸ் நடத்துநர்
“எத்தினை எண்டும் எழுதவேணுமோ?” என்றார்.
பதினாறு பேரில் ஒன்பது பேரைத்
தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு குலவீரசிங்கம் வந்தார்,
கனகராயன்குளத்தில் துருசு திறக்கிறவர்.
இடுப்பிலிருந்த திறப்பை மேசையில் வைத்தார், நல்ல கனம்.
வேறு இரும்பு?
“எனக்கு மட்டும் படேல்லை,” என்றார்
யாருக்கோ கடன் பாக்கி போல.

மூளையில் முக்கால் பங்கு தண்ணீர், ஐயா.
சும்மா கிடக்காது, அலைந்துகொண்டே இருக்கும்.
ஓரிடம் வேலைசெய்தால்
அங்கே கலங்கள் கொஞ்சம் பருக்கும்,
இடைவெளி ஒடுங்கும், தண்ணீர் தயங்கும்.
இரத்தம் பிறகுதான், ஐந்தாறு விநாடி பிந்தி.
இதுவரை இரத்தத்தைத்தான் பார்த்தோம்.
தண்ணீரைப் பார்த்தால் முந்தியே தெரியுமாம்.
இல்லையென்று சண்டை பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அவர் யோசித்தார்.
“கடைசி வயலுக்குத் தண்ணி போக விடிஞ்சிடும்.
வயல் நனைஞ்சதைப் பாத்து
நான் எப்ப திறந்தனான் எண்டு சொல்லேலாது.”
ஓம் ஐயா. அதேதான்.

விரலை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தேன்.
இயந்திரம் அடிக்கத் தொடங்கியது,
டக், டக்டக்,
பிறகு நீளமாய் ஓர் அதிர்வு.
காதுக்குப் பஞ்சு வைத்தும்
நாலாவது நிமிடம் ரப்பர் குமிழை நசித்தார்.

வெளியே இழுத்தபோது சிரித்தார். சட்டை நனைந்திருந்தது.
“பயமில்லைப் பிள்ளை. கை தன்பாட்டில நசிச்சிட்டுது.”

அரைகுறைப் பதிவு, ஆய்வில் சேராது.
இரவு தனியே திறந்து பார்த்தேன்.
குமிழ் நசிவதற்குச் சற்று முன்பு
ஆழத்தில், பயறளவு இடத்தில்
தண்ணீர் வேகம் குறைந்திருந்தது.
வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம்.
ஒரே ஆள், ஒரே தடவை.
குறிப்பில் அப்படித்தான் எழுதினேன்.

படிவம் பக்கத்தில் கிடந்தது.
இரும்பு என்ற வரிக்கு நேரே
‘இல்லை’யில் அவர் இட்ட சரி அடையாளம்,
அழுத்தி, தாள் கிழியுமளவு.
பேனையைத் திறந்தேன்.
அது என் கையெழுத்தில்லை.