பள்ளம்

மனுவில் எழுதியிருந்தது:
"எங்க வீதிப் பள்ளத்தை மூடித் தரோணுங்க."
பழைய புல வரைபடத்தை விரித்தேன்.
நீலக்கோடு. அதன்மேல் 'பள்ளம்' என்று
யாரோ ஒரு சர்வேயரின் சாய்ந்த எழுத்து.
இன்றைக்கு அதன்மேல்தான்
பனியன் கம்பெனி, கார் நிறுத்தம்,
தெய்வாத்தாள் அக்காவின் இட்லிக்கடை.

எத்தனை கார் நிற்காமல் போகும்?
கமிஷனர் கேட்டார்.
பதினொன்று என்றேன்.

சிமெண்டுக் கல்லைப் பெயர்த்து
ஆளுயரம் தோண்டி
ஜல்லி, மணல், மேலே கோரை.
குப்பைக்குழி வெட்டறாங்க என்று பேச்சு.

ஐப்பசி. ராத்திரி இரண்டு மணி.
பல்லடம் ரோட்டுத் தண்ணி
கத்தரித்த துணித்துண்டுகளோடு வந்து
குழியோரம் கொஞ்சம் தயங்கி
இறங்கியது.
கடைக்குள் கணுக்கால் அளவு
நின்றது நின்றதுதான்.
போன வருசம் இடுப்பு.

சீமாறும் கையுமாய் அக்கா கேட்டார்:
"இன்னொரு பள்ளம் வேணும்னா
மனு யாருக்குங்க எழுதோணும்?"