மூன்றாம் நம்பர் மலை

திங்கட்கிழமை திறக்கிறது.
இன்று வெள்ளி. சாவி என்னிடம்.
ஈரத்தில் ஊதிப்போன கதவுக்குத்
தோளைக் கொடுத்தேன். ஒரு மாத வாசம் வந்தது:
வௌவால், நனைந்த சீமெந்து,
யாரோ மறந்துவிட்டுப் போன ரொட்டி டப்பா.
டப்பாவைத் திறக்கும் தைரியமில்லை.
மூடியோடு குப்பைக் குழிக்குப் போயிற்று.

வெண்கட்டிப் பெட்டியில் பாதி களி.
போன வருட இடாப்பின் ஓரத்தை
எலி தின்றிருக்கிறது. போகட்டும்.
வந்த நாட்களைத்தான் தின்றிருக்கிறது,
வராத நாட்கள் அப்படியே இருக்கின்றன.

முதலாம் தரத்துக்கு இம்முறை பதினேழு பேர்.
நோர்வுட்டில் வாங்கிய மஞ்சள் மட்டையை வெட்டி
எழுதிக்கொண்டே போகிறேன்.
யதுர்ஷிகா. டிலோஜன். சஞ்சுதா. அபினேஷ்.
இன்னொரு அபினேஷ்.
லயத்து நம்பரைப் பக்கத்தில் போட்டால்
அதுவே பட்டப்பெயராகி ஒட்டிக்கொள்ளும்.
ஆகவே இவனுக்கு ஒரு மீன் வரைந்தேன்,
அவனுக்கு ஒரு குடை.

மழை பிடித்தால் இங்கே தகரம்தான் டீச்சர்.
போன ஜூனில் அதோடு போட்டிபோட்டு
எனக்குத் தொண்டை போனது மிச்சம்.
இந்த வருடம் கையால் பேசப் போகிறேன்.
ஒரு விரல் என்றால் புத்தகம்.
இரண்டு என்றால் தண்ணீர்ப் போத்தல்.
விரித்த கை: என்னைப் பார்.
தலைக்கு மேலே கை: எல்லோரும் எழும்பி
மேசையை ஒழுகாத பக்கம் தள்ளுங்கள்.
ஒழுகும் இடம் ஐந்து. நேர் கீழே தரையில்
நீலப் பெயின்ற் வட்டம் போட்டாயிற்று,
வாளி தன் இடத்தைத் தானே அறிந்துகொள்ள.

ஆளில்லாத அறையில்
ஒருமுறை பழகிப் பார்த்தேன்.
தலைக்கு மேலே கையைத் தூக்கியபோது
ஜன்னலுக்கு வெளியே, மலையில்,
கொழுந்துக்குக் குனிந்திருந்த ஒருத்தி நிமிர்ந்து
தானும் கை தூக்கினாள்.

பிறகு இறங்கி வந்தாள்.
இடுப்பில் படங்கு, கெண்டைக்காலில்
அட்டைக்குப் பூசிய சவர்க்காரம்.
"கூப்பிட்டீங்களா டீச்சர்?"
இல்லையென்று சொல்ல வாயெடுத்து
வாங்க என்றேன்.

சஞ்சுதாவின் அம்மா, புஷ்பலீலா.
கூடையை வாசலில் இறக்கினாள்.
கறை விரல்களைப் பின்னால் கட்டிக்கொண்டு
மகளின் பெயரை
எழுத்தெழுத்தாகப் பார்த்தாள்.
வெளிச்சம் நன்றாக விழுமென்று
நான் ஜன்னலோரம் போட்டிருந்த சின்னக் கதிரையில்
முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தாள்.
கரும்பலகையைப் பார்த்தாள். "நல்லாத் தெரியுது."
ஜன்னலைப் பார்த்தாள்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"வார கெழம முச்சூடும் எங்களுக்கு
மூணாம் நம்பர்லதான் டீச்சர் வேல.
என்னயக் கண்டுச்சுன்னா
எந்திரிச்சு ஓடியாந்துரும் புள்ள.
கொஞ்சம் மாத்திப் போடுங்களேன்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.
கதவோரம், நான்காவது வட்டத்துக்குப் பக்கத்தில்,
பகலிலும் பாதி இருட்டான இடம்.
மேசைக்கால் ஆடியது. ஒரு மட்டைத் துண்டை
மடித்துச் செருகினாள். "இன்னும் நாலு கிலோ கெடக்கு"
என்றாள், என்னிடமா கூடையிடமா தெரியவில்லை.
காலையில் நான் கழுவிய தரையில்
அவள் பாதம் வாசல்வரை சிவப்பாய் இருந்தது.

அதைத் துடைக்காமல் நேரசூசியை எழுத உட்கார்ந்தேன்.
எட்டு மணி, கைகழுவுதல்.
எட்டேகால், பெயர் கூப்பிடுதல்.
பத்தரை, இடைவேளை, முற்றம்
என்று எழுதிய பிறகுதான் உறைத்தது:
முற்றத்திலிருந்து மூன்றாம் நம்பர்
ஜன்னலைவிடப் பெரிதாகத் தெரியும்.

நாலு மணிக்குப் பனி இறங்கியது.
முதலில் மேல் ரோட்டு, பிறகு மலை,
பிறகு கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள்,
கடைசியாகக் கொடிக்கம்பமும் போயிற்று.
ஆறு வருடமாக இந்தப் பனியைத் திட்டுகிறேன்,
கொப்பியெல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறதென்று.

திங்கட்கிழமை பத்தரைக்கு வந்தால்
ஒன்றும் சொல்லமாட்டேன்.

கதவு மூடவில்லை.
திரும்பவும் தோளைக் கொடுத்தேன்.