கோணல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சங்கு ஊதி அடங்கியதும்
நாடாவைச் செருகுவேன்.
கப்பலூர் மில்லில் பதினோரு வருஷமாக என் வேலை அது.
சம்பளம், ஓவர்டைம், பி.எஃப்., லீவு
எல்லாம் உள்ளே சுற்றிக்கொண்டு ஓடும்.
ஓடி முடித்து, தான் எழுதியதைத் தானே படித்து
பச்சை விளக்கைக் காட்டும் பெட்டி.
நோட்டில் நானும் ‘சரி’ என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டுவிட்டுத்
திருமங்கலம் பஸ்ஸுக்கு ஓடுவேன்.

போன தையில் புதுக் கம்ப்யூட்டர் வந்தது.
பழையதை ஜெய்ஹிந்துபுரத்தில் எடைக்குப் போட்டார் மேனேஜர்.
ரசீது இருக்கிறது: பதினாலு கிலோ.

புது டிரைவும் அதே கம்பெனி, அதே மாடல்.
நாடாவை வாங்கிக்கொண்டது, முனகியது,
காலி என்றது.
அடுத்ததும் காலி.
நாற்பத்து மூன்றும் காலி.

விருமாயி ஆறாம் தடவையாக வந்து நிற்கிறாள்.
எட்டு வருஷக் கணக்கைக் காணோமாம் பி.எஃப். ஆபீஸில்.
“எழுதித்தான வச்சிருக்கீக ஒச்சம்மா?”
எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

டவுன்ஹால் ரோட்டிலிருந்து ரவூஃப் வந்தார்.
மேசையில் இடம் ஒதுக்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு,
“பழைய பெட்டிக்குத் தலை சாஞ்சிருந்திருக்கு.
சாஞ்சே எழுதியிருக்கு, சாஞ்சே படிச்சிருக்கு.
அதுக்கிட்டயே கேட்டா
சரின்னுதான சொல்லும்.”

ஒரு நாடாவைக்கூட
வேறொரு பெட்டியில் போட்டுப் பார்க்கவில்லை நான்.
வேறு பெட்டி இங்கே இல்லை, அது உண்மை.
வேண்டும் என்று கேட்டதுமில்லை.

இரும்புக்கடையில் கையை விரித்தார்கள்.
லாரி ஏறி ஒரு மாசமாச்சு,
எந்த ஊர் உலையோ.

பிறகு ரவூஃப் செய்ததை மேனேஜரிடம் சொல்லவில்லை.
நல்ல டிரைவைத் திறந்தார்.
எள்ளளவு ஸ்க்ரூ.
கால் திருகு. காலி.
இன்னும் ஒரு மயிரிழை. காலி.
மூன்று நாள், டீயும் கட்டைவிரல் கொப்புளமுமாக,
நேராக இருந்ததைக் கொஞ்சங்கொஞ்சமாய்க்
கெடுத்துக்கொண்டே போனார்.

மூன்றாம் நாள் கரண்ட் போய்த் திரும்பிய பிறகு
திரையில் குப்பை,
குப்பைக்கு நடுவே ஒரு நாலு,
ஒரு ஒன்று, ஒரு ஏழு.
டோக்கன் 417.
நாள்கூலி அறுபத்தெட்டு ரூபாய் நாற்பது காசு.
நான் நாற்காலியில் உட்கார்ந்தேனா
நின்றேனா என்று நினைவில்லை.

இப்போது தை மாசத்திலிருந்து எழுதிய நாடாக்களைக்
காலி என்கிறது அந்த டிரைவு.
திருப்பி வைக்கலாம் என்கிறார் ரவூஃப்,
அதே இடத்துக்கு வருமா என்றால்
ஸ்க்ரூவைப் பார்க்கிறார்.
இன்னொன்று வாங்க மனு எழுதியிருக்கிறேன்.
நோட்டில் இந்த வெள்ளிக்கு எதிரே
எதுவும் எழுதவில்லை.

விருமாயிக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.
எழுத்து தெரியாது, எண் தெரியும்.
விரலை வைத்து மாசம் மாசமாக இறங்கினாள்.
ஓரிடத்தில் விரல் நின்றது.
“இந்த ஆடியில நாலு நாள் லீவு போட்டிருக்கு.
நான் எடுத்தது மூணு.”