தொண்ணூற்றெட்டாவது தோல்வி

செப்டம்பரின் கடைசி ஞாயிறு.
ஈரி ஏரிக் காற்றுக்கு
எங்கள் அணி மேல் என்ன பகையோ,
நாங்கள் அடித்தால் எதிர்த்து வீசும்,
அவர்கள் அடித்தால் பந்தோடு கூடவே ஓடும்.

நாரைகள் என்று பெயர் எங்கள் ஆட்களுக்கு.
இதுவரை தொண்ணூற்றேழு தோல்வி.
ஒற்றைக்காலில் நிற்பதைத் தவம் என்று சொல்லிக்கொள்ளலாம்தான்;
ஒரு மீனாவது சிக்க வேண்டாமா?

வலப்பக்கக் கடைசி, இரும்பு பெஞ்சு, பத்தாம் வரிசை.
ஏப்ரலிலிருந்து அதே ஐந்து பேர்.
பேருந்து ஓட்டும் வெண்டல் பிரிபில்ஸ்கி.
டயாலிசிஸ் வார்டு நர்ஸ் ஒடெசா.
ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் டர்கின் சகோதரர்கள்,
எதற்கென்று தெரியாது, பேச்சுவார்த்தை கிடையாது,
நடுவில் ஒரே ஒரு சூரியகாந்தி விதைப் பொட்டலம்,
இரண்டு கையும் அதற்குள் போய்ப் போய் வரும்.
அப்புறம் நான், தபால்காரி.

எனக்கும் கருத்துகள் உண்டு.
முதல் பேஸ் பையன் நாற்பது ஹோம் ரன் அடிப்பான் என்றேன்.
பதினொன்று.
பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடுவது கோழைத்தனம் என்று
மே மாதம் முழுக்கச் சண்டை போட்டேன்.
ஜூனில் ஒருநாள் "தட்டுடா" என்று நானே கத்தியதை
இன்றுவரை ஒருவரும் மறக்கவில்லை.

பிரிபில்ஸ்கி இன்று கணக்கோடு வந்திருந்தார்.
"தோற்கணும். தோற்றால்தான் கடைசி இடம்.
கடைசி இடம் கிடைத்தால்தான் அடுத்த வருடம்
புதுப் பையன்களைப் பொறுக்கும் குலுக்கலில்
நம் கை மேலே."
"அடுத்த வருடம்," என்றாள் ஒடெசா,
காபி மூடியைத் திறக்காமலே.
"என் வார்டில் வந்து சொல்லிப் பாருங்கள்
அந்த இரண்டு வார்த்தையை."
ஒரு முழு இன்னிங்ஸ்
விதை கொறிக்கும் சத்தம் மட்டும்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். இரண்டுக்கு இரண்டு.
இரண்டு பேர் அவுட், இரண்டாம் பேஸில் ஒருவன்.
மட்டையோடு வந்தவன் பத்து நாள் முன்னால்
எங்கோ சின்ன ஊர் அணியிலிருந்து வந்த பையன்,
எலீசர் மொன்காயோ.
அவன் பெயர் ஸ்கோர் அட்டையில் அச்சாகியிருக்கவில்லை.
நான்தான் பேனாவால் எழுதியிருந்தேன்,
ஒரு எழுத்து தப்பாக.

"சுற்று, தம்பி," பிரிபில்ஸ்கி முணுமுணுத்தார்,
"காற்றைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போ."

மட்டையின் கழுத்தில் பட்டது பந்து.
அழகான அடி இல்லை.
ஈரத்துணி கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி
மூன்று பேருக்கு நடுவே விழுந்தது.
மூவரும் மரியாதையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
அதற்குள் இரண்டாம் பேஸ்காரன்
புழுதியோடு புழுதியாக வீடு சேர்ந்துவிட்டான்.

என் கோட்டில் சூடாக ஏதோ. ஒடெசாவின் காபி.
தட்டிவிட்டது பிரிபில்ஸ்கியின் முழங்கை.
பெஞ்சு மேல் ஏறி நிற்கிறார் மனிதர்,
தொண்டையிலிருந்து பேருந்து ஹாரன்.
மூத்த டர்கின் என்னைக் கட்டிக்கொண்டார்,
இளையவர்
வழி தவறி வந்த எதிரணி ரசிகர் ஒருவரை.

பிறகு இறங்கி உட்கார்ந்தார் பிரிபில்ஸ்கி.
"கெடுத்தான் பாவி. மூன்று இடம் போச்சு."
குனிந்து தொப்பியைத் தேடினார்.
அது நான்கு வரிசை கீழே கிடந்தது.
எறிந்ததே நினைவில்லை அவருக்கு.
ஒடெசா ஒன்றும் சொல்லவில்லை.
அதைக் குளிர்காலத்துக்கென்று
எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஜனவரியில் நான் பனிச்சேற்றில் பையோடு போகும்போது
நிறுத்தமே இல்லாத இடத்தில்
இருபத்திரண்டாம் எண் பேருந்து நிற்கும்.
கதவு திறக்கும்.
"அந்த இடதுகைப் பிட்சரை வாங்கலாமா?"
"வேண்டாம். முழங்கை போன ஆள்."
பின்னால் நாலு கார் அலறும்.
கதவு மூடும்.
அடுத்த சிக்னல் வரை
அவர் தலையை ஆட்டிக்கொண்டே போவது கண்ணாடியில் தெரியும்.
ஆமாம் என்றா, இல்லை என்றா,
பனியில் பிடிபடாது.