எண்பத்தேழு

பால் காய்ச்சும் சட்டியில் இன்று பால் இல்லை.
ஒரு பித்தளைச் சுவிச்
நூலில் தொங்குகிறது கிணற்றுத் தண்ணீருக்குள்
மூக்கு மட்டும் நனைய.

மாங்குளத்துத் தண்ணீர். கொதித்தால்
சட்டி விளிம்பில் வெள்ளையாய் வளையம் போடும்.
அதே வெள்ளைதான் ரேடியேற்றரை உள்ளிருந்து அடைத்து,
முறிகண்டிக்கு இரண்டு மைல் முந்தி
தேங்காய் உடைக்கவும் விடாமல்
அமிர்தநாயகத்தை ஆவிக்குள் நிறுத்தியது.

ஒஸ்ரின் ஏ நாற்பது.
மல்லாவியில் ஒரு நெல்லுக் கொட்டிலில்
கோழி அடைகிடந்த சீற்றோடு வாங்கியது.
"என்னத்துக்கு ஐயா இது?" என்றேன்.
"ஓடத்தான்" என்றார்.

எண்பது. எண்பத்தைந்து.
கீர்த்தனன் வெப்பமானியை மூச்சடக்கிப் பிடித்திருக்கிறான்.
தொண்ணூற்றிரண்டில் மீற்றர் கீச்சிட்டது.
"பிடிச்சிட்டுது அக்கா!"
அமிர்தநாயகம் சட்டியையே பார்த்தபடி
"இன்னும் இல்லையோ?" என்றார்.
மீற்றர் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

மூன்று மாதமாக
என் வாயைப் பார்த்துத்தான் விலை பேசியிருக்கிறார்.
எப்போது போனது காது என்று கேட்கவில்லை.
இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு
முக்கால்வாசிப் பேரிடம் ஒரே ஆண்டுதான் பதில்.

அடுப்பை அணைத்தோம். எண்பத்தேழில் சுவிச் விட்டது.
பிடிப்பது ஓரிடம், விடுவது ஓரிடம்;
நடுவில் ஐந்து பாகை இல்லாவிட்டால்
விசிறி நிமிடத்துக்கு நூறு முறை மனம் மாறும்.

ரிலேயின் ஒரு காலுக்கும் எண்பத்தேழு என்றுதான் பெயர்.
அந்த எண்பத்தேழுக்கும் இந்த எண்பத்தேழுக்கும்
ஒரு சொந்தமும் இல்லை.
கீர்த்தனனுக்கு இதை இரண்டு தரம் சொன்னேன்.
மூன்றாம் தரம் எனக்கே குழம்பியது.

எர்த் எடுக்கப் பெயின்ற் சுரண்டினேன்.
பச்சைக்குக் கீழே சாம்பல்.
சாம்பலுக்குக் கீழே காய்ந்த சேற்றின் நிறத்தில்
தும்புத்தடியால் அடித்ததுபோல் ஒரு பூச்சு.
அதற்கும் கீழேதான் இரும்பு, பளிச்சென்று.
வயரை அங்கே முறுக்கி இறுக்கினேன்.
சேற்று நிறத்தைப் பற்றி அவரும் பேசவில்லை.

பற்றரி கொடுத்தோம். விசிறி சுழன்றது.
சுழன்று,
பதினைந்து வருடத்து வைக்கோல் தூசியை
கிறில்லுக்கு முன்னால் குனிந்திருந்த கீர்த்தனனின் வாய்க்குள்
நேராக ஊதியது.

மறந்துவிட்டேன்.
இந்தக் கிழட்டுக் காருக்கு உடம்பெல்லாம் நேர்மின்;
மற்ற வண்டிகளுக்கு எதிர்மின்.
நான் பழகிய கையோடு கொடுத்திருக்கிறேன்.
இரண்டு வயரையும் மாற்றிப் போட்டேன்.
காற்று உள்ளே வந்தது.
அமிர்தநாயகம் சிரித்தது அப்போதுதான்,
சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க.

பிறகு, அவர் கேட்காமலே,
டாஷ்போட்டில் மணிக்கூடு இருந்த ஓட்டையைப் பார்த்தேன்.
உடைந்த மோட்டார்சைக்கிள் ஒன்றின் செம்மஞ்சள் சிக்னல்
அதற்குள் அளவாக இருந்தது, கொஞ்சம் கடதாசி செருக.
விசிறிக்கு ஓடும் மின்னில்
அதற்கும் ஒரு கிளை.
பல்புக்கு நேரும் எதிரும் ஒன்றுதான்.
எந்தப் பக்கத்தால் வந்தாலும் எரியும்.

ஒட்டுசுட்டான் ரோட்டில் ஒரு ஓட்டம் ஓடி வந்தார்.
இஞ்சினை நிறுத்தினார்.
நேரே பற்றரியில் கொடுத்திருந்ததால் விசிறி நிற்கவில்லை;
சூடு இறங்கும் வரை தன்பாட்டில் இரைந்தது.
அவர் இறங்கவில்லை.
திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு
அந்தச் செம்மஞ்சள் பொட்டையே பார்த்திருந்தார்.
பஸ் ஒன்று போனது. மாடுகள் போயின.
கீர்த்தனன் வாய் கொப்பளித்துவிட்டு வந்து நின்றான்.

எண்பத்தேழாக இருந்திருக்க வேண்டும்.
எனக்குச் சத்தம் நின்ற கணத்தில்
அவர் கதவைத் திறந்தார்.

"எவ்வளவு பிள்ளை?"
கணக்குச் சொன்னேன், வாயை நன்றாக அசைத்து,
சட்டியின் விலையையும் சேர்த்து.
அதில் இனிப் பால் காய்ச்ச ஏலாது.
"சட்டியை நான் கொண்டுபோறன்" என்றார்.