எர்த் வயர்

டி-யில் போட்டால்
ஒரு மூச்சு யோசிக்கிறது.
அப்புறம் முதுகில் குத்து விழுந்ததுபோல் ஒரே தூக்கு.

"கியர்பாக்ஸ் பூட்ச்சுப்பா.
தெர்ஞ்சிதான் பாதி வெல சொல்றேன்"
என்கிறார் வண்டிக்காரர் தஸ்தகீர்.
ஒளிக்கத் தெரியாத மனுஷன்.

ஜெசிந்தாவின் இடது கால் கிளட்சுக்கு ஒத்துழைக்காது.
இந்த மாதிரி வண்டிதான் வேண்டும் அவளுக்கு.
பார்த்துச் சொல்ல ஐநூறு ரூபாய் பேசி
எர்ணாவூரிலிருந்து என்னைக் கூட்டி வந்தாள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்
கன்டெய்னர்களின் வாலில் முக்கால் மணி நேரம்,
நகர்ந்து, நின்று, நகர்ந்து.
சூடேறியும் நழுவவில்லை.
மூன்றாம் கியரை மட்டும் பிடித்துக்கொண்டு
மற்ற எதையும் நம்ப மறுக்கிறது.

காசிமேட்டில் ஓரங்கட்டி
கேஜ் கம்பியை உருவினேன்.
மாதுளைச் சிவப்பு.
மோந்தேன், கருகல் இல்லை.
விரலிடுக்கில் தேய்த்தேன், பொடி இல்லை.
பெட்டிக்குள் ஒன்றுமே சாகவில்லை.

பேட்டரித் தட்டுக்கு அடியில் கைவிட்டால்
எர்த் வயர் நுனியில்
பச்சையாய்ப் பூத்திருக்கிறது கடற்காற்று.
உப்பு தின்ற இடத்துக்கு
உப்புத்தாள் போதும்.
ஒரு நட்டு.
பத்து நிமிஷம்.

தலையைத் தூக்குகிறேன்.
தஸ்தகீர் மூன்று டீ வாங்கி வந்திருக்கிறார்.
எனக்குச் சர்க்கரை கம்மி என்று
யாரிடம் கேட்டாரோ.

எவ்வளவு செலவாகும் என்று
கண்ணாலேயே கேட்கிறாள் ஜெசிந்தா.
என் ஐநூறு அவள் பர்ஸில்.
அவர் டீ என் கையில்.

பானட்டை மூடாமல்
ஊதி ஊதிக் குடிக்கிறேன்.
இந்த கிளாஸில்
இன்னும் இரண்டு வாய்தான் இருக்கிறது.